முனிகள் காவல் காத்த வீடு

ஹேமநாதன் மாமா நாற்காலிமேல் ஏறி நின்றபோது, முதலில் அவிழப்போவது அவருடைய வேட்டியா, முறியப்போவது நாற்காலியின் காலா என்பதே கூடத்தில் இருந்தவர்களின் கவலையாக இருந்தது. செத்தவரைப் பற்றிய கவலை அதற்கு அடுத்தபடிதான். கூரையில் இருந்த புகை அலாரம் அப்படி அலறிக்கொண்டிருந்தது. பண்டாரம் தூபக்காலில் ஒரு கை சாம்பிராணி தூவியதுதான் தாமதம், பெடாஸ் வட்டாரத்து நாய்கள் மொத்தமும் கூடி ஊளையிட்டன; ரோட்டுக்கு அந்தப் பக்கம் செம்பனைக் காட்டில் உடும்புகள் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தன. தேவாரம் பாட வந்த குழுவினர் முதல் அடியிலேயே பாட்டை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடிச் செருப்புத் தேடினார்கள். பெட்டிக்குள் படுத்திருந்த திருநாவுக்கரசு ஒருவர்தான் இடத்தைவிட்டு அசையவில்லை. உயிரோடு இருந்திருந்தால், தான் மாட்டிய அலாரத்தைக் காட்டி, எப்படி என் பிள்ளையின் தொண்டை என்பதுபோல் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

அவருடைய மகள் ரோகினி நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இடப்பக்கம் திருகுங்க மாமா!"

"யாருக்கு இடப்பக்கம்? எனக்கா, அதுக்கா?"

ஹேமநாதன் பாதி திருகி, பாதி பிய்த்து, கூரைப் பலகைத் துகளோடு அதைக் கையில் எடுத்தார். கையிலும் அது அலறியது. பசிக்கு அழுகிற கைக்குழந்தையை ஏந்தியவர்போல் விழித்தார். ரோகினி பிடுங்கி, மூடியைத் தள்ளி, சதுர பேட்டரியை உருவினாள். வீடு சட்டென்று அடங்கியது.

"மச்சானுக்கு எமனே இதுதான்" என்றார் ஹேமநாதன், மூச்சு வாங்க. "எழுவது வயசுல எந்த மனுசனாவது மாசா மாசம் நாற்காலி மேல ஏறுவானா? ஒன்னு விடாம எல்லாத்தையும் கழட்டுங்க. வாளி கொண்டா."

பெட்டியின் தலைமாட்டில் அவர் மனைவி செல்லம் உட்கார்ந்திருந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ஒரு சொல் பேசாமல், கல்லாகச் சமைந்திருந்தவள் இப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"தம்பி, அதுங்களக் கழட்டாத."

"நீ சும்மா இரு அக்கா" என்றார் தம்பி.

அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள். செல்லம் சொன்னதை வேறு யாரும் காதில் வாங்கவில்லை. ரோகினி வாங்கினாள். ஆனால் அவளும் வாளியைத்தான் கொண்டுவந்தாள்.

அந்த வீட்டின் அலாரங்களைப் பற்றி அறியாதவர் புளியமரத்துத் தோட்டம் என்ற அந்தக் குடியிருப்பில் கிடையாது. மூன்று அறை வீடு, ஏழு அலாரம். குளியலறைக்கு வெளியே ஒன்று. மளிகைச் சாமான் வைக்கும் பொந்துக்கு ஒன்று. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரான திருநாவுக்கரசுக்குத் தோட்டம் வைத்திருந்த பட்டம் 'அலாரம் அரசு'. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பாக ஒரு கண் விட்டுவிட்டு மின்னும். அதனால் அவற்றுக்கும் பேர் வந்தது: சிவப்புக்கண் முனிகள். கோயில் முனீஸ்வரருக்குக்கூட ஆண்டுக்கு ஒரு தடவைதான் பூசை. இந்த முனிகளுக்கு அமாவாசைதோறும்.

காக்கைக்குச் சோறு வைத்த கையோடு திருநாவுக்கரசு நாற்காலியையும் கோழியிறகையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏறி நின்று, துவாரங்களில் சிலந்தி குடியேறாதபடி இறகால் துடைப்பார். கீழே இறங்கி, விளக்குமாற்றுக் கட்டையால் பொத்தானை அழுத்துவார். முனி அலறும். செல்லம் அந்த நேரத்தில் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, கையில் கிடைத்த குண்டானில் கரண்டியால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். தட்டுச் சத்தம் வராமல் மனுஷன் அடுத்த முனியிடம் நகர மாட்டார். செல்லத்துக்குக் கோபம் வந்தால் குண்டான் நெளியும்வரை தட்டுவாள். தீபாவளிக்கு வீட்டில் யாருக்குப் புதுத்துணி இருக்கிறதோ இல்லையோ, முனிகளுக்குப் புதுப் பேட்டரி உண்டு.

ரோகினியும் அண்ணன் புனிதனும் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். கோவிட் காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து படுத்து எழுந்த பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். காய்ச்சல் அப்பாவின் மூளைக்குள் போய்த் தங்கிவிட்டது என்பது புனிதனின் கட்சி. அதற்குத் தோதாக, அதுவரை சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத மனுஷன், அதற்குப் பிறகு பூனைமாதிரி அம்மாவின் காலடியிலேயே கிடந்தார். ரசம் கொதித்தால் குனிந்து மோப்பம் பிடிப்பார். பருப்பு வெந்தால் மூக்கை நீட்டுவார்.

நேற்றும் அமாவாசை. எல்லா முனிகளையும் முடித்துவிட்டு, பின்னறைக் கட்டில் மெத்தையில் உட்கார்ந்து "செல்லம், ஒரு கோப்பி" என்றிருக்கிறார். கோப்பி வரும்போது தலை தொங்கிவிட்டது.

மேடை ஏற்றாத நாடகம் இன்னொன்று வெளியே கூடாரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. புனிதன் கோலாலம்பூரில் மேகத்துக்கு மேலே வீடு வாங்கியவன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் விமானத்தின் முதுகு தெரியும் என்பார்கள். அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போனான். முதல் நாள் கடுகு தாளித்ததற்குக் கீழ்வீடு, மேல்வீடு, காவலாளி எல்லோரும் வந்து மணியடித்தார்கள். மறுநாள் காலை, எல்லோரும் வேலைக்குப் போனதும், செல்லம் கைப்பையோடு கீழே இறங்கி, ரயில் பிடித்து, சிரம்பானில் பஸ் மாறி, மத்தியானச் சோற்றுக்குத் தன் அடுப்படிக்கே வந்துசேர்ந்துவிட்டாள். முனீஸ்வரர் திருவிழாவுக்கு மொத்தத் தோட்டத்துக்கும் சாம்பார் கூட்டுகிற கை அது. அவளுடைய சாம்பாரை முகர்ந்துவிட்டு, சாகக்கிடந்தவர் எழுந்து இலை போடச் சொன்னார் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு.

"பதினாறாம் நாள் வரைக்கும் ராத்திரி பகலா வெளக்கு எரியும்" என்றான் புனிதன். "அம்மா ஒத்தையில எப்படி இருப்பாங்க?"

"அம்மாவுக்கு என்ன கொறச்சல்? கண்ணு தெரியுது, காது கேக்குது. நான் சிரம்பான்லதான இருக்கேன், வந்து வந்து பாத்துக்குறேன். அங்க கூட்டிட்டுப் போனா செத்துப் போயிருவாங்கண்ணே."

புனிதன் சற்று யோசித்தான். "சரி, இருக்கட்டும். ஆனா ஒன்னு சொல்லிட்டேன் ரோகி. ஒரே ஒரு தடவ ஏதாவது கோளாறுன்னு கேட்டேன், அப்படியே தூக்கிக் கார்ல போட்டுக்கிட்டுப் போயிருவேன்."

ரோகினி தலையாட்டினாள். உள்ளேயிருந்து அம்மா தங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

மறுபடி தேவாரம் தொடங்கியபோது குழுத்தலைவரின் கம்பியில்லா மைக் உயிரை விட்டது. தட்டினார், ஊதினார், ஒன்றும் நடக்கவில்லை.

"சதுர பேட்டரிங்களா?" என்று துள்ளினார் ஹேமநாதன். "இந்த வீட்டுல அதுக்கா பஞ்சம்? பேட்டரிச் சந்தையே வைக்கலாம் லா!" கழற்றாமல் மிச்சமிருந்தது பின்னறை முனி மட்டுந்தான். அதையும் கழற்றி, பேட்டரியை எடுத்து மைக்கில் போட்டார். தேவாரம் கணீரென்று எழுந்தது.

"அண்ணனோட முனி கடைசியில பாட ஆரம்பிச்சிருச்சுடி" என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே. இழவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திய பெண்களின் தோள்கள் குலுங்கின. செல்லம் மட்டும் பின்னறைப் பக்கம் திரும்பி, வெறுங்கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

பெட்டி கிளம்பியது. ஆண்கள் வண்டிகளில் ஏறிச் சிரம்பான் மின்சுடலைக்குப் போனார்கள். மைக்கும் போனது.

வீடு கழுவுகிற வேலை பெண்களுடையது. பிணம் இருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். ரோகினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்தில் தண்ணீரைத் தள்ளினாள். வாசலில் குழாயை நீட்டிப் பிடித்திருந்தாள் பஞ்சாலை அத்தை. கழுவத் தொடங்குமுன் அவளே தூபக்காலை எடுத்து அறை அறையாகப் புகை காட்டியிருந்தாள். அவள் காட்டிய புகையில் வீட்டுக்குள் ஒரு மழைமேகம் கட்டியிருந்தது. செல்லம் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ரோகினி நடைக்கு வந்தபோதுதான் அந்த வாடை வந்தது. சாம்பிராணிக்கு அடியில் ஒளிந்துகொண்டு இன்னொன்று. மயிர் பொசுங்குவதுபோல, பழைய சாக்கு தீய்வதுபோல. தன் சேலை முந்தானையைப் பார்த்தாள். விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு தன்பாட்டுக்கு எரிந்தது.

"அத்தை, என்னமோ கருகுதே?"

"சாம்பிராணிடி."

"தூபக்கால எங்க வச்சீங்க?"

பஞ்சாலை அத்தை யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் வாய் திறந்துகொண்டது. "பின்னால… அந்த மெத்தையச் சுருட்டி வச்சிருந்தாங்களே, அதுக்கு ஓரமா…"

பின்னறைக் கதவின் மேல்சந்திலிருந்து நீலமாக ஒரு புகை நாக்கு வெளியே வந்து கூரையை நக்கிக்கொண்டிருந்தது.

ரோகினி கதவைத் தள்ளினாள். அறைக்குள் கூரையிலிருந்து நெஞ்சு மட்டத்துக்குப் புகை இறங்கியிருந்தது. அதற்குக் கீழே, முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அம்மா அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில், அவளுக்குப் பின்னால், வெளியே எறிவதற்காகச் சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தை. அதன் விலாவில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் சிவப்பாக ஒரு கண்.

"என்னடி, கழுவி முடிஞ்சிச்சா?" என்றாள் அம்மா, நிமிராமல்.

"அம்மா!"

செல்லம் திரும்பினாள். புகையைப் பார்த்தாள். ஆனால் மெத்தையைப் பார்க்குமுன், மகளைப் பார்க்குமுன், அவள் கண் நேராகக் கூரைக்குப் போனது. முனி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

ரோகினி அம்மாவின் கையைப் பற்றி நடைக்கு இழுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி, மெத்தையைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். காற்றுப் பட்டதும் பஞ்சு குபுக்கென்று பற்றிக்கொண்டது. பின்வாசற்படியில் மெத்தை சிக்கியது. தீ அவள் முழங்கைக்கு எட்டியது. "அத்தை, தண்ணி!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு அவளுடைய அப்பாவின் ஏழு முனிகளும் கைகட்டி நின்றிருக்கும். பஞ்சாலை அத்தை குழாயோடு பறந்துவந்தாள். அந்த உடம்பு அப்படிப் பறக்கும் என்று அதுவரை அவளுக்கே தெரியாது. முதல் தண்ணீர் ரோகினியின் முகத்தில், இரண்டாவது சுவரில், மூன்றாவதுதான் மெத்தையில். புஸ்ஸென்று சீறி, மெத்தை கறுத்துச் சுருங்கியது.

"ஐயோ, நானில்லடி, நான் ஓரமாத்தான் வச்சேன்" என்று புலம்பியபடி பஞ்சாலை அத்தை இன்னும் நனைந்துகொண்டிருந்த மெத்தையை மேலும் நனைத்தாள்.

துணி துவைக்கும் கல்மேல் அம்மாவை உட்கார வைத்தாள் ரோகினி. அம்மாவின் கண்கள் செக்கச்செவேலென்று சிவந்து, கன்னம் முழுக்க நீர் வழிந்திருந்தது.

"அவ்ளோ பொகைக்குள்ள உக்காந்திருந்தீங்களேம்மா. எந்திரிச்சு வரக் கூடாதா?"

"கண்ணு எரிஞ்சிச்சு" என்றாள் செல்லம். "தண்ணியா கொட்டுச்சு. சரி, இப்பதான் அழுவ வருதாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"வாட வரல?"

அம்மாவின் மடியில் இன்னும் ஒரு சட்டை பாதி மடித்தபடி இருந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடி இறக்கினாள்.

"இதுல கூட வரலடி" என்றாள்.

ரோகினிக்கு முழங்கை எரிந்தது. அது தன்னுடைய கை என்பதே கொஞ்ச நேரம் அவளுக்கு உறைக்கவில்லை.

"எப்பலேர்ந்துமா?"

"அந்தக் காய்ச்சல்ல போனது. வரும் வரும்னு பாத்தேன், வரல. சட்டி கருகுனது கூட தெரியாம நின்னுக்கிட்டிருந்தேன் ஒரு நாளு. ஒங்க அப்பாதான் ஓடியாந்து அடுப்ப நிறுத்துனாரு. வெளிய சொல்லாத, தெரிஞ்சா கோயில் அடுப்ப எவளாவது புடுங்கிக்குவா, புள்ளைங்க ஒன்னையே புடுங்கிக்கிட்டுப் போயிருவாங்கன்னாரு. மறுநாளே போயி மொத முனிய வாங்கியாந்தாரு." அவள் சட்டையின் கழுத்துப்பட்டியை நீவிவிட்டாள். "எனக்காகத்தான்னு யாரும் கண்டுபுடிக்கக் கூடாதுல்ல? அதான் வீடு பூரா மாட்டி வச்சாரு. பைத்தியக்காரப் பட்டம் எனக்கு இருக்கட்டும் செல்லம்னாரு."

ரசத்துக்குக் குனிந்த மூக்கு, பருப்புக்கு நீண்ட மூக்கு, திருவிழாவில் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லோரிடமும் திட்டு வாங்கிய மூக்கு. தோட்டமே கைதட்டிய சாம்பாருக்கு மணம் பார்த்தது அதுதான். ரோகினி குழாயைத் திறந்து முழங்கையைத் தண்ணீரில் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள் என்று தெரியவில்லை.

முன்பக்கம் வண்டிகள் வந்து நிற்கும் ஓசை கேட்டது. அம்மா அவள் மணிக்கட்டைப் பற்றினாள். விரல்கள் இறுகிய விதத்தில் ரோகினியின் வளையல் சதையில் பதிந்தது.

"அண்ணன்ட்ட சொல்லிராத."

ஆண்கள் பின்பக்கமாகக் கால் கழுவ வந்தார்கள். கழுவ வந்த கால்கள் கறுத்த மெத்தையின் முன்னால் நின்றன. மொட்டைத் தலையோடு புனிதன் மெத்தையைப் பார்த்தான், பின்னறைச் சன்னலின் கரியைப் பார்த்தான்.

"என்ன இது?"

"தூபக்காலத் தட்டி விட்டுட்டேன்" என்றாள் ரோகினி. "நான்தான்."

"ஆமா லா தம்பி, அவதான், அவளேதான்!" என்றாள் பஞ்சாலை அத்தை. இவ்வளவு வேகமாக எந்த நீதிமன்றத்திலும் எந்தச் சாட்சியும் வாய் திறந்திருக்க மாட்டான்.

"அம்மா எங்க இருந்தாங்க?"

செல்லம் கல்மேல் இருந்தபடி சட்டையை மேலும் ஒரு மடி மடித்தாள்.

"குளிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றாள் ரோகினி.

புனிதன் அவளுடைய முழங்கையைப் பார்த்தான். அம்மாவின் ஈரத்தலையைப் பார்த்தான். "நீ பக்கத்துல இருக்கும்போதே இப்படின்னா, அம்மா தனியா இருக்கறப்போ? பதினாறு நாள் வெளக்கு வேற. வேணாம் ரோகி. காரியம் முடிஞ்சதும் நான் அவங்கள…"

"மாமா, மைக்கு எங்க?" என்று கேட்டாள் ரோகினி.

ஹேமநாதன் விழித்தார். "மைக்கா? அவங்க வண்டியில… இந்தா, வந்துட்டாரே. எதுக்கு?"

தேவாரக் குழுத்தலைவர் மடியில் செருகியிருந்த மைக்கை, கேட்ட தோரணையைப் பார்த்து மறுபேச்சில்லாமல் நீட்டினார். ரோகினி அதன் வாலைத் திருகி, பேட்டரியை வெளியே எடுத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தாள். ஆண்கள் ஈரக்கால்களோடு பின்னாலேயே வந்து கதவில் மொய்த்தார்கள்.

"ஏய், கை வெந்து கெடக்கு. தலைக்குத் தண்ணி கூட ஊத்தல நாங்க. இப்ப இதுதான் முக்கியமா?" என்றார் ஹேமநாதன்.

"இதுதான் முக்கியம்."

"பைத்தியமா லா ஒனக்கு?"

"ஆமா மாமா. எங்க அப்பாவுக்குப் பொறந்தவதான?" அவள் வாளியிலிருந்து பின்னறை முனியை எடுத்து, அதன் வயிற்றில் பேட்டரியை அழுத்தினாள். நாற்காலிமேல் ஏறி, வெள்ளை வட்டத்தின்மேல் வைத்து, வலப்பக்கம் திருகினாள். "எல்லாத்தையும் திரும்ப மாட்டப் போறேன் அண்ணே. மாசா மாசம் வந்து நானே பாப்பேன். அதுக்கப்புறமும் பயமா இருந்தா வாங்க, பேசிக்கலாம்."

புனிதன் உள்ளே வந்து நாற்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

கீழே இறங்கினாள். மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்து, கட்டையின் நுனியைப் பொத்தானில் வைத்து அழுத்தினாள். முனி அலறியது. பெடாஸ் நாய்கள் மீண்டும் பணிக்குத் திரும்பின. கதவில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள்.

அவள் கட்டையை எடுத்தாள். அலறல் நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தில் யாரோ இருமினார்கள். "என்னத்துக்கு நிக்கிற? அதான் கத்திருச்சே" என்றார் ஹேமநாதன். ரோகினி அசையவில்லை. கூரையில் சிவப்புக்கண் ஒருமுறை மின்னியது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.

வெளியே, துவைகல் பக்கம், கவிழ்த்துக் காயவைத்திருந்த குண்டானின் முதுகில் கரண்டி இரண்டு தடவை தட்டியது.

ரோகினி நாற்காலியை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.